தியோமானின் நல்ல தண்ணீர்: ஒரு தீவும் நம் முன்னோர் கடல்வழியும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம் உலு திராம் சாலைக்கு ஓய்வு கிடையாது. ஜொகூர் பாருவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் கார்கள் மூன்றாம் எண் கூட்டரசுச் சாலையில் நம் ஊரைக் கடந்து, கோத்தா திங்கி வழியாக மெர்சிங் போய்ச் சேருகின்றன. அங்கே ஃபெர்ரி ஏறினால், கடல் அமைதியாக இருக்கும் நாளில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் தியோமான் தீவு. வெண்மணலும் பவளப்பாறையும் தெளிந்த கடலும் பார்க்கப் போகிறவர்கள், வழியில் நம் கடைகளில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, பெரிய போத்தல் தண்ணீர் நான்கைந்து வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். தீவில் விலை கூடுதலாக இருக்கும் என்ற எச்சரிக்கைதான் காரணம்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை நேர்மாறாக இருந்தது. தியோமானுக்கு யாரும் தண்ணீர் கொண்டு போகவில்லை. தண்ணீர் எடுப்பதற்காகவே தியோமானுக்குப் போனார்கள்.

பொன்விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று செயலவையினர் கேட்டபோது எனக்கு இந்தத் தீவுதான் நினைவுக்கு வந்தது. நான் வரலாற்றுத் துறையில் படித்தவன் அல்லன். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு அத்தாவின் வழியில் வியாபாரத்துக்கு வந்தவன். ஆகவே சரக்கு, செலவு, வழித்தங்கல் என்று ஒரு வியாபாரி பார்க்கும் விதத்திலேயே இந்த வரலாற்றைச் சொல்ல முனைகிறேன்.

851-ஆம் ஆண்டின் வழிகாட்டி

கி.பி. 851-இல் அரபு மொழியில் ஒரு நூல் தொகுக்கப்பட்டது. சீனாவையும் இந்தியாவையும் பற்றிய செய்திகள் அடங்கிய அந்த நூலை ‘வணிகர் சுலைமான்’ என்பவரின் பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீராஃப் துறைமுகத்தைச் சேர்ந்த அபூ ஸைது என்பவர் அதற்கு இரண்டாம் பகுதி ஒன்றை எழுதிச் சேர்த்தார். அரசர்களின் பெருமை பேசும் நூல் அல்ல அது. எந்தத் துறையிலிருந்து எந்தத் துறைக்கு எத்தனை நாள், எங்கே என்ன வரி, எங்கே குடிநீர் கிடைக்கும் என்று சொல்லும் நூல். இன்றைக்கு நாம் கைப்பேசியில் வழி பார்ப்பதைப் போல அன்றைய வணிகனுக்கு உதவியது.

அந்த வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஓமான் நாட்டு மஸ்கத்திலிருந்து புறப்பட்டால் ஒரு மாதத்தில் ‘கூலம் மலை’. இது இன்றைய கேரளத்தின் கொல்லம். அங்கே சீனக் கப்பல்களிடம் ஆயிரம் திர்ஹம் வரி வாங்கினார்கள். கிணற்றுத் தண்ணீர் கிடைத்தது. கொல்லத்தில் கிளம்பி வங்கக் கடலைக் கடக்கும்போது நிக்கோபார் தீவுகள் வரும். அங்குள்ள மக்கள் தேங்காயைக் கொடுத்து இரும்பு வாங்கினார்கள். பிறகு மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இருந்த ‘கலாஹ்’ துறை. கொல்லத்திலிருந்து கலாஹ் வர ஒரு மாதம். அங்கிருந்து பத்து நாளில் ‘தியூமா’. விரும்புகிறவர்களுக்கு அங்கே நல்ல தண்ணீர் உண்டு என்கிறது நூல். பிறகு பத்துப் பத்து நாள் இடைவெளியில் வேறு தண்ணீர்த் துறைகளைத் தொட்டு, சம்பா நாட்டைக் கடந்து, கடைசியில் சீனாவின் கான்டன்.

இந்தத் ‘தியூமா’வை ஆய்வாளர்களில் பெரும்பாலோர் நம் தியோமான் தீவாகவே கொள்கிறார்கள். மலாக்கா நீரிணையைக் கடந்து, சிங்கப்பூர் முனையைச் சுற்றி, வடக்கே திரும்பும் கப்பலுக்கு எதிரே எழுந்து நிற்கும் பெரிய தீவு அதுதான்.

கொல்லத்தில் கையெழுத்திட்டவர்கள்

அந்த வழியில் வந்தவர்களில் நம்மவர்கள் இருந்தார்களா என்று இளைஞர்கள் கேட்கலாம். அதற்கு 851-இலிருந்து இரண்டே ஆண்டு பின்னோக்கிப் போக வேண்டும்.

கி.பி. 849-இல் கொல்லத்தில் தரிசாப்பள்ளி என்னும் கிறிஸ்தவத் தேவாலயத்துக்கு வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் திருவடிகள் உரிமைகள் வழங்கினார். வட்டெழுத்தில் பொறித்த அந்தச் செப்பேடுகள் இன்றும் உள்ளன. அவற்றில் இரண்டு வணிகக் குழுக்களின் பெயர் வருகிறது: மணிக்கிராமம், அஞ்சுவண்ணம். மணிக்கிராமம் தென்னிந்திய வணிகர்களின் சங்கம். அஞ்சுவண்ணம் மேற்காசியாவிலிருந்து வந்து இங்கே வேரூன்றிய முஸ்லிம், யூத, கிறிஸ்தவ வணிகர்களின் சங்கம். செப்பேட்டின் முடிவில் சாட்சிகள் தத்தம் எழுத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவற்றில் கூஃபி எழுத்தில் அரபுக் கையெழுத்துகளும் உண்டு.

ஒரு தேவாலயத்துக்குக் கொடுத்த உரிமைப் பத்திரத்தில் முஸ்லிம் வணிகர்கள் சாட்சியாக நின்றார்கள் என்பதே நாம் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. கப்பலில் ஏறும்போது பக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் நம்பிக்கை வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 849-இல் கொல்லத்தில் முஸ்லிம் வணிகர் கையெழுத்து. 851-இல் அதே கொல்லத்திலிருந்து தியோமானுக்கு வழி சொல்லும் நூல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மெர்சிங் கரைக்கு எதிரே இருக்கும் அந்தத் தீவு நமக்கு அந்நியமாகத் தோன்றாது. ‘அஞ்சுவண்ணம்’ என்ற சொல்லும் அழிந்துவிடவில்லை. தோப்பில் முஹம்மது மீரான் தம் நாவல் ஒன்றுக்கு ‘அஞ்சுவண்ணம் தெரு’ என்றே பெயர் வைத்தார்.

தண்ணீர் ஒரு கடைக்கணக்கு

கப்பல்காரனுக்குத் தண்ணீர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கப்பலில் அறுபது பேர் என்று வைத்துக்கொள்வோம். குடிப்பதற்கும் சமைப்பதற்குமாக ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்றால், நாளொன்றுக்கு 180 லிட்டர். ஒரு மாதத்துக்கு 5,400 லிட்டர், அதாவது ஏறக்குறைய ஐந்தரை டன். பத்து நாளைக்கு ஒரு முறை தண்ணீர் பிடிக்க இடம் இருந்தால் 1,800 லிட்டர் போதும். மிச்சமாகும் மூன்றரை டன் இடத்தில் சரக்கு ஏற்றலாம். கடலோடிகள் உயிர் பிழைக்கவும் தண்ணீர்த்துறை வேண்டும், வியாபாரி லாபம் பார்க்கவும் அதே துறை வேண்டும்.

அந்தக் காலக் கப்பல் எப்படி இருந்தது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போனால் போதும். 1998-இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே கடலடியில் ஒரு கப்பல் கண்டெடுக்கப்பட்டது. ஆணி இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய அரபு முறைக் கப்பல். அதில் ஏறக்குறைய 60,000 சீனப் பீங்கான் பொருட்கள் இருந்தன. ஒரு கிண்ணத்தில் பொறித்திருந்த சீன ஆண்டு கி.பி. 826-க்குச் சமமானது. அந்தச் சரக்கின் பெரும்பகுதி இன்று சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே முறையில் ஓமானில் கட்டிய ‘மஸ்கத்தின் மாணிக்கம்’ என்ற கப்பல் 2010-இல் மஸ்கத்திலிருந்து பாய் விரித்துச் சிங்கப்பூர் வந்து சேர்ந்தது. தைத்த பலகைக் கப்பல் வங்கக் கடலைத் தாண்டுமா என்ற சந்தேகத்துக்கு இனி இடமில்லை.

மலை, மழை, காற்று

எத்தனையோ தீவுகள் இருக்கத் தியோமானில் மட்டும் தண்ணீர் எப்படி வந்தது? விடை அதன் உயரத்தில் இருக்கிறது. பகாங் மாநிலத்தின் ரொம்பின் மாவட்டத்தைச் சேர்ந்த இந்தத் தீவின் பரப்பு ஏறக்குறைய 136 சதுர கிலோமீட்டர். அதன் உச்சியான காஜாங் மலை 1,038 மீட்டர். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மழையாகிறது. காடு அந்த மழையைப் பிடித்து வைத்து, ஓடை ஓடையாகக் கரைக்கு அனுப்புகிறது. தெற்கே முக்குட் கிராமத்துக்குப் பக்கத்தில் உள்ள ஆசா அருவியைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மணல் மட்டும் உள்ள தட்டையான தீவில் இந்த வசதி கிடையாது.

மாலுமிக்கு இன்னோர் உதவியும் இருந்தது. முக்குட்டுக்கு மேலே இரட்டைக் கொம்புபோல் நிற்கும் பாறைச் சிகரங்கள் வெகு தூரத்திலிருந்தே தெரியும். திசை தப்பியவனுக்கு அதுவே அடையாளம்.

காற்றும் ஒத்துழைத்தது. தென்மேற்குப் பருவக்காற்று கப்பலை வடக்கே சீனாவை நோக்கித் தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்று திரும்பக் கொண்டுவரும். ஒரு காற்றுக்குத் தீவின் கிழக்குக் கரை ஒதுங்குமிடம், மறு காற்றுக்கு மேற்குக் கரை. கிழக்குக் கரையில் உள்ள ஒரே கிராமமான ஜுவாராவிலும், மேற்குக் கரையில் உள்ள நீப்பாவிலும் பழைய சீனப் பீங்கான் துண்டுகள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. இன்றும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை அலை உயர்ந்தால் மெர்சிங் ஃபெர்ரி ஓடாது. 851-இல் பாய்க்கப்பலை நிறுத்திய அதே காற்றுதான் இன்று இயந்திரப் படகையும் நிறுத்துகிறது.

தீவு மக்கள் சொல்லும் பழங்கதை ஒன்று உண்டு. சீன நாட்டு நாக இளவரசி ஒருத்தி சிங்கப்பூரில் இருந்த இளவரசனைக் காணப் பறந்து வந்தாள். வழியில் இந்தக் கடலின் அழகில் மயங்கி இளைப்பாறினாள். பிறகு பயணத்தையே கைவிட்டு, வழிப்போக்கருக்குப் புகலிடமாக இருப்பேன் என்று தீவாகக் கிடந்துவிட்டாள். கதை கதைதான். ஆனாலும் வழித்தங்கல் இடம் என்ற பழைய உண்மை அதற்குள் இருக்கிறது.

சங்கத்தின் பாதுகாப்பில் ஒரு குளம்

தண்ணீர் கொடுத்தது இயற்கை மட்டும்தானா? நம் வணிகர்கள் என்ன செய்தார்கள்? இதற்குச் சான்று தாய்லாந்தில் இருக்கிறது.

அந்நாட்டின் தென்மேற்குக் கரையில் தகுவாபா என்ற ஊர். அங்கே ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ‘அவனி நாரணம்’ என்னும் குளத்தைப் பற்றியது அது. பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர்தான் அந்தக் குளத்தின் பெயர். அந்தக் குளம் மணிக்கிராமத்தார் உள்ளிட்டோரின் பாதுகாப்பில் அடைக்கலமாக விடப்பட்டது என்று கல்வெட்டு சொல்கிறது. கொல்லத்துச் செப்பேட்டில் பார்த்தோமே, அதே மணிக்கிராமம்.

கடல் கடந்து போன தமிழ் வணிகர்கள் கல்லில் எழுதிவைத்த செய்தி ஒரு குளத்தைப் பற்றியது. லாபக் கணக்கு எதுவும் அங்கே இல்லை. குளம் வெட்டுவது ஒரு மனிதரால் முடியும். ஆனால் அவர் இறந்த பிறகும் அதைத் தூர் வாரி, கரை கட்டி, கெடுக்காமல் காப்பதற்குச் சங்கம் வேண்டும். அதனால்தான் அதை ஒரு சங்கத்திடம் ஒப்படைத்தார்கள். பள்ளிவாசல் ஹவுளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. தனி ஒருவரின் சொத்தாக இருந்தால் அது என்றோ வற்றியிருக்கும்.

சீன வரைபடமும் டச்சுக் கப்பலும்

தியோமானின் வேலை ஒன்பதாம் நூற்றாண்டோடு முடியவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் சீனக் கடற்படையுடன் வந்த செங் ஹோ, யுன்னான் மாநிலத்து முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய பயணங்களை அடிப்படையாகக் கொண்ட கடல் வரைபடம் ஒன்று பதினேழாம் நூற்றாண்டுச் சீன நூலில் இடம்பெற்றிருக்கிறது. அதில் தியோமானும், அதற்குத் தென்கிழக்கே நம் ஜொகூருக்குச் சொந்தமான ஆவுர் தீவும் குறிக்கப்பட்டுள்ளன. மலாய் மொழியில் ‘ஆவுர்’ என்றால் மூங்கில். சீன வரைபடத்திலும் அந்தத் தீவின் பெயர் மூங்கில் என்றே இருக்கிறது. மலாய் மாலுமியும் சீன மாலுமியும் பேசிக்கொண்டதற்கு அந்தப் பெயரே சாட்சி.

அதே செங் ஹோ 1409-ஆம் ஆண்டுத் தேதியிட்ட கல்வெட்டு ஒன்றை இலங்கையின் காலி நகரில் நாட்டச் செய்தார். சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகளில் அமைந்த அது இன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இந்தக் கடலில் வியாபாரம் செய்ய வந்தவருக்குத் தமிழ் தேவைப்பட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

எல்லாக் கப்பலும் ஊர் போய்ச் சேரவில்லை. 1727-இல் சயாம் நாட்டிலிருந்து பத்தாவியாவுக்குப் போன ‘ரிஸ்டாம்’ என்ற டச்சுக் கப்பல் மெர்சிங் கரைக்கு அருகே மூழ்கியது. ஈயம், யானைத்தந்தம், சாயமரம் ஆகியவை அதன் சரக்கு. 1980-களில்தான் அது கண்டுபிடிக்கப்பட்டது. நாம் ஃபெர்ரி ஏறும் அதே கடல்.

மறந்தது எப்படி?

சிங்கப்பூர் 1819-க்குப் பிறகு பெரிய துறைமுகமாக வளர்ந்தது. தண்ணீரும் நிலக்கரியும் அங்கேயே கிடைத்தன. 1851-இல், அதாவது அந்த அரபு நூல் தொகுக்கப்பட்டுச் சரியாக ஆயிரம் ஆண்டு கழித்து, ஜொகூருக்கு அப்பால் உள்ள பத்து பூத்தே பாறையில் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் எரியத் தொடங்கியது. நீராவிக் கப்பல்கள் இரும்புத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு நேராகச் சீனாவுக்குப் போயின. வழியில் நின்று ஓடையில் தண்ணீர் மொள்ளும் தேவை நின்றது. தியோமான் மீனவர் கிராமங்களோடு ஒதுங்கிப்போனது.

நம் பாட்டன்மார் வந்த வழியும் வேறு. 1926-இல் கட்டப்பட்டு 1970-களின் தொடக்கம்வரை ஓடிய ‘ரஜுலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று மேற்குக் கரையோடு வந்து நின்றுவிடும். ஆகவே நம் வீடுகளில் சொல்லப்படும் கதைகளில் பினாங்கு உண்டு, சிங்கப்பூர் உண்டு, தியோமான் இல்லை. நம் சரித்திரம் ரஜுலாவில் தொடங்கியது போலப் பேசிப் பழகிவிட்டோம். நம் பிள்ளைகள் பள்ளியில் ‘நீங்கள் எப்போது வந்தீர்கள்?’ என்ற கேள்வியைக் கேட்கும்போது, தாத்தாவின் கப்பல் டிக்கெட்டோடு பதிலை நிறுத்திவிடுகிறார்கள். தாத்தா வந்த ஆண்டைச் சொல்லட்டும். அதோடு, அவருக்கு முன்னால் ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக இந்தக் கடல்வழி திறந்திருந்தது என்பதையும் சொல்லட்டும். உரிமை கொண்டாட அல்ல. இந்த மண்ணின் தண்ணீரைக் குடித்துவிட்டு நன்றியோடு நடந்துகொண்டவர்களின் வழியில் நாமும் வருகிறோம் என்று காட்டுவதற்காக.

இன்று போகும்போது

இன்றைய தியோமான் உல்லாசத் தீவு. 1958-இல் வெளிவந்த ‘சவுத் பசிபிக்’ படத்தோடு அதன் பெயரைச் சேர்த்துப் பெருமையாகப் பேசுவார்கள். அந்தப் படம் பெரும்பாலும் ஹவாயின் காவாய் தீவில் எடுக்கப்பட்டது. தியோமானுக்கு அந்தப் பெருமை தேவையும் இல்லை, அதைவிடப் பழைய பெருமை இருக்கிறது. 1994 முதல் தீவைச் சுற்றி இரண்டு கடல் மைல்வரை கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே மீன் பிடிக்கவும் பவளத்தை எடுக்கவும் கூடாது. சுங்க வரியற்ற தீவு என்பதால் சாக்லெட் வாங்கப் போகிறவர்களும் உண்டு. வியாபாரி என்ற முறையில் அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மலை பெரிது, சமநிலம் குறைவு. ஓடையில் வரும் தண்ணீர் தீவு மக்களுக்கும் வேண்டும், ஆயிரக்கணக்கான விருந்தாளிகளுக்கும் வேண்டும். நாம் தூக்கிப் போடும் போத்தலுக்கும் அங்கே இடமில்லை. ஆற்றங்கரையில் ஒளூச் செய்தாலும் தண்ணீரை வீணாக்காதே என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். தங்கும் விடுதியில் குழாயைத் திறந்துவிட்டுக் குளிக்கும்போதும் அந்தப் பாடம் நமக்குத்தான். கொண்டு போன போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். பிள்ளைகளைக் கடலில் மட்டும் இறக்காமல் ஓர் ஓடைக்கரைக்கும் அழைத்துப் போங்கள். ‘இந்தத் தண்ணீருக்காகக் கொல்லத்திலிருந்து கப்பல் வந்தது’ என்று சொல்லிக் காட்டுங்கள். புத்தகத்தில் படிப்பதைவிட அது மனத்தில் நிற்கும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஐம்பது ஆண்டு என்பது ஒரு சங்கத்துக்குச் சின்ன வயது அல்ல. ஜனாஸா உதவி, மதரஸா, நோன்புக் கஞ்சி, ஏழைப் பிள்ளைகளின் பள்ளிச் செலவு என்று நம் பெரியவர்கள் சுமந்த பாரத்தை இந்த மலரின் மற்றப் பக்கங்கள் சொல்லும். அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.

என் வேண்டுகோள் ஒன்றே. நம் ஊர் இன்றும் வழித்தங்கல் ஊர்தான். தியோமானுக்கும் மற்ற கிழக்குக் கரைத் தீவுகளுக்கும் போகிறவர்கள் நம் சாலையில்தான் போகிறார்கள். பொன்விழா நினைவாக, சாலையோரத்தில் எல்லா இனத்தாரும் நின்று போத்தலில் நிரப்பிக்கொள்ளும்படி வடிகட்டிய குடிநீர்க் குழாய் ஒன்றைச் சங்கத்தின் பெயரில் வக்ஃபாக அமைப்போம். அமைப்பது சுலபம். வடிகட்டியை மாற்றி, தண்ணீர்க் கட்டணம் கட்டி, இடத்தைச் சுத்தமாக வைத்து அடுத்த ஐம்பது ஆண்டு நடத்துவதுதான் வேலை. அந்த வேலைக்குத்தானே சங்கம்? தகுவாபாவின் குளத்தை மணிக்கிராமத்தார் ஏற்றுக்கொண்டதைப் போல நாமும் இதை ஏற்றுக்கொள்வோம். செலவுக் கணக்கைப் போட்டுத் தர நான் தயார். அடுத்த பொதுக்கூட்டத்தில் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.